காய்ந்து நிரம்பும் குட்டைகள்: வட அமெரிக்கப் புல்வெளி ஈரநிலப் பறவைகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் நடுவில், ஒரு காலத்தில் பைசன் மந்தைகள் மேய்ந்த புல்வெளியில், லட்சக்கணக்கான சிறு குட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. அந்தக் கண்டத்து வாத்துகளில் ஏறத்தாழ பாதி இங்கேதான் குஞ்சு பொரிக்கின்றன. வாத்துத் தொழிற்சாலை என்றே அங்குள்ளவர்கள் இந்த நிலத்தை அழைக்கிறார்கள். ஆனால் குட்டைகளில் பெரும்பாலானவை கோடை முடியும் வரைகூடத் தண்ணீர் தாங்காதவை. வற்றிப்போகும் குட்டைக்கு இவ்வளவு பறவைகள் ஏன் வருகின்றன? அந்த நிலத்தை எப்படிப் பேணுகிறார்கள்? பறவை நோக்கும் நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தக் குட்டைகள் எங்கே இருக்கின்றன?

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களில் தொடங்கி, அமெரிக்காவின் மொன்டானா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மின்னசோட்டா, அயோவா மாநிலங்கள் வரை நீள்கிறது இந்த நிலம். பரப்பு 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். மேலிருந்து பார்த்தால் கோதுமை வயல்களுக்கும் புல்லுக்கும் நடுவே கண்ணாடித் துண்டுகளை வாரி இறைத்ததுபோல் இருக்கும்.

இத்தனை குழிகளைத் தோண்டியது யார்?

பனி. கடைசிப் பனியூழியில் இந்த நிலத்தின்மீது பெரும் பனிப்பாளம் படுத்திருந்தது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன்பு அது வடக்கே பின்வாங்கியபோது, உடைந்த பனிக்கட்டிகள் மண்ணுக்கும் சரளைக்கும் அடியில் புதைந்துபோயின. அவை மெல்ல உருகிய இடமெல்லாம் பள்ளமாகத் தங்கிவிட்டது. ஆறுகள் இந்த நிலத்தை இன்னும் அறுத்து வடிகால் அமைக்கவில்லை. அதனால் பெரும்பாலான குட்டைகளுக்கு வரத்துக் கால்வாயும் இல்லை, போக்குக் கால்வாயும் இல்லை.

தண்ணீர் வரும் வழி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குளிர்காலம் முழுவதும் பனி விழுந்து கிடக்கும். வசந்தத்தில் அது உருகும்போது அடியில் மண் இன்னும் உறைந்து கல்லாக இருக்கும். நீர் உள்ளே இறங்க வழியில்லாமல் சரிவில் ஓடி பள்ளத்தில் சேர்ந்துவிடும். பிறகு கோடை முழுவதும் வெயிலும் காற்றும் செடிகளும் அதைக் குடித்துத் தீர்க்கும்.

எல்லாக் குட்டையும் ஒன்றுதானா?

இல்லை. ராபர்ட் ஸ்டூவர்ட், ஹெரால்ட் கான்ட்ரட் என்ற இருவர் 1971-ல் இவற்றை நீர் எவ்வளவு காலம் நிற்கிறது, நடுவில் என்ன செடி வளர்கிறது என்பதை வைத்து ஏழு வகையாகப் பிரித்தார்கள். சில வாரங்களே நிற்பவை, கோடைத் தொடக்கம் வரை நிற்பவை, பெரும்பாலான ஆண்டுகளில் வற்றாதவை, என்றும் வற்றாதவை, உவர்க்குட்டைகள் என்று அந்தப் பட்டியல் போகிறது. நன்னீரிலிருந்து கடல்நீரையும் மிஞ்சும் உப்பு வரை எல்லாம் உண்டு. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் களத்தில் அந்த வகைப்பாடு புழக்கத்தில் இருக்கிறது.

பெரிய ஏரி இருக்கும்போது வாத்துக்குச் சிறு குட்டை எதற்கு?

இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதில் பாதி விளங்கிவிடும்.

நீலச்சிறகுக் கிளுவை என்ற சிறு வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வருகிறது. வந்ததும் நாளுக்கு ஒன்றாகப் பத்து முட்டை வரை இடவேண்டும். அந்த முட்டைகளின் எடையைச் சேர்த்தால் தாயின் எடையில் பாதியைத் தாண்டும். அதற்கான புரதம் விதையிலிருந்து கிடைக்காது. புழு பூச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தில் பெரிய ஏரிகள் இன்னும் குளிர்ந்தே கிடக்கும். முழங்கால் ஆழம்கூட இல்லாத குட்டை மட்டும் வெயிலில் சீக்கிரம் சூடாகி, நத்தையும் கொசுவினப் புழுக்களும் சிற்றிறால்களும் நிறைந்து கொதிக்கும்.

இது முன்பே ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். வாத்து விதை தின்னி என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள், ஏனென்றால் அதன் அரைவைப்பையைத் திறந்து பார்த்தால் விதைதான் இருக்கும். ஜார்ஜ் ஸ்வான்சனும் ஜேம்ஸ் பார்ட்டோனெக்கும் 1970-ல் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினார்கள். மென்மையான புழு சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது, கடினமான விதை நாள்கணக்கில் தங்குகிறது. எனவே வாத்து இரை தேடிக்கொண்டிருக்கும்போதே பிடித்து, அரைவைப்பைக்குப் போகுமுன் உணவுக்குழாயில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படிப் பார்த்தபோது முட்டையிடும் காலத்துப் பெட்டைகளின் உணவு ஏறத்தாழ முழுவதும் சிற்றுயிர்களாக இருந்தது. ஒரு சின்ன ஆய்வுமுறைத் திருத்தம் நிலத்தின் மதிப்பையே மாற்றியது. டிராக்டர் சிக்கும் தொல்லை என்று உழவர் நினைத்த சேற்றுப் பள்ளம், முட்டைக்குக் கருவூலம் என்று தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆண் வாத்து தன் இணையின் அருகே மற்றோர் ஆணைப் பொறுக்காது. ஒன்றையொன்று பார்க்க முடியாத பத்துச் சிறு குட்டைகளில் குடியேறும் இணைகளின் எண்ணிக்கை, அதே பரப்புள்ள ஒரே ஏரியில் குடியேறுவதைவிட மிக அதிகம். ஆகவே பத்துக் குட்டையின் நீரை வடித்து ஒரே பள்ளத்தில் சேர்த்தால் நீர்ப்பரப்பு குறையவில்லை என்று கணக்குக் காட்டலாம், வாத்து குறைந்துவிடும். அப்படிச் சேர்ந்த நீர் ஆழமாகி, மீன் நிலைத்து, அந்த மீன்கள் வாத்துக்குரிய சிற்றுயிர்களையும் தின்றுவிடும்.

வறட்சி வந்தால் எல்லாம் அழிந்துவிடாதா?

குட்டை காய்வது நோய் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. அது அந்த நிலத்தின் மூச்சு.

குட்டை வற்றிச் சேறு வெளியே தெரிந்ததும், மண்ணுக்குள் பல ஆண்டுகளாகக் காத்திருந்த விதைகள் முளைக்கின்றன. அவற்றில் பல, தண்ணீருக்கு அடியில் முளைக்காதவை. வெயில் பட்ட ஈரமண்தான் வேண்டும். சம்பும் கோரையும் வேர் பிடிப்பதும் அப்போதுதான். அயோவாவின் ஈரநிலங்களில் ஆர்னால்ட் வான் டெர் வால்க், கிரெய்க் டேவிஸ் இருவரும் அடிமண்ணை எடுத்து வந்து முளைக்கவைத்து, எந்த விதை எப்போது எழும் என்று கண்டார்கள். அவர்கள் 1978-ல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படை. மழை திரும்பி நீர் நிறைந்தால், ஓராண்டுச் செடிகள் மூழ்கி மட்கி சிற்றுயிர்களுக்கு விருந்தாகும். நீரெலிகள் பெருகி சம்பை வெட்டி வெட்டித் திறந்த நீர்வழிகளை உண்டாக்கும். பல ஆண்டுகள் நீர் நின்றால் செடிகள் அழிந்து குட்டை வெறும் ஏரியாகும். அடுத்த வறட்சி வந்து பழைய கணக்கைத் திரும்ப எழுதும்.

1980-களின் இறுதியில் தொடங்கிய கடும் வறட்சி 1990-களின் தொடக்கம் வரை நீடித்தது. வாத்து எண்ணிக்கை சரிந்தது. 1993 ஜூலையில் மழை கொட்டத் தொடங்கியது; அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை திரும்ப ஏறியது. வடக்கு டகோட்டாவின் காட்டன்வுட் லேக் ஆய்வுக்களத்தில் 1960-களிலிருந்தே நீர்மட்டம் அளந்துவந்ததால், இந்த முழுச் சுழற்சியும் பதிவாகியிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுத் திட்டமாக மட்டும் பணம் கொடுத்திருந்தால், வறட்சியில் வந்தவர் ஒன்றைச் சொல்லியிருப்பார், வெள்ளத்தில் வந்தவர் நேர்மாறாகச் சொல்லியிருப்பார். நீண்டகாலக் களங்களை வீண்செலவு என்று மூடுபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த நிலையில் பறவைகள் அதிகம்?

பாதி நீர், பாதி செடி. மில்டன் வெல்லர் 1960-களில் அயோவாவில் பார்த்துச் சொன்ன முடிவு இது. அது வெறும் தோற்றமா, உண்மையா என்று ரிச்சர்ட் காமின்ஸ்கியும் ஹரோல்ட் பிரின்ஸும் மானிடோபாவின் டெல்டா சதுப்பில் சோதித்தார்கள். அடர்ந்த செடிகளை வெவ்வேறு விகிதங்களில் வெட்டித் திறந்துவிட்டுக் காத்திருந்தார்கள். சரிபாதியாக வெட்டிய இடங்களைத்தான் மேல்நீரில் மேயும் வாத்துகள் மிகுதியாக நாடின. முடிவு 1981-ல் வெளிவந்தது. முக்குளிப்பானும் நாமக்கோழியும் ஆலாவும்கூட இப்படிக் கலந்த இடத்தையே விரும்புகின்றன. கூடு கட்ட மறைவும் இரை தேட நீரும் அருகருகே கிடைக்கிறதல்லவா.

அப்படியானால் மனிதர்கள் செய்ய வேண்டியது என்ன?

மதகு உள்ள நீர்நிலைகளில் வேண்டுமென்றே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரை இறக்கி, சேற்றைக் காயவிட்டு, திரும்ப நிரப்புகிறார்கள். வறட்சி செய்யும் வேலையை மதகுப் பலகை கழற்றிச் செய்வது என்று சொல்லலாம். நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் வைத்திருப்பது பார்க்க அழகு, பறவைக்குக் கேடு.

அடுத்த தலைவலி சம்பு. இருவகைச் சம்புகள் கலந்து பிறந்த ஒரு கலப்பினம் இப்போது குட்டைகளைச் சுவர்போல் அடைத்துக்கொள்கிறது. முன்பு பைசன் மிதித்தது, தீ எரித்தது. இரண்டும் போனபின் அதைக் கட்டுப்படுத்த ஆளில்லை. இப்போது மாடுகளை மேயவிடுகிறார்கள், கட்டுப்பாட்டுடன் தீ வைக்கிறார்கள், வெட்டியபின் தண்டு மூழ்கும்படி நீரை ஏற்றி வேருக்குக் காற்றுப் போகாமல் செய்கிறார்கள். சுற்றியுள்ள புல்வெளிக்கும் மேய்ச்சலும் தீயும் தேவை. இல்லாவிட்டால் வெளியிலிருந்து வந்த புல்லினங்கள் நாட்டுப்புல்லை மூடிவிடும். மேய்ச்சலே கூடாது என்று வேலி போடுவது இந்த நிலத்துக்கு நன்மை என்று நான் நினைக்கவில்லை. எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி.

புல்லுக்குள் மறைந்த கூட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இரண்டு வண்டிகளுக்கு நடுவே நீண்ட சங்கிலி ஒன்றைக் கட்டி, புல்லின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போவார்கள். சங்கிலி நெருங்கும்போது அடைகாக்கும் பெட்டை சடாரென்று எழும். எழுந்த இடத்தைக் கண்ணெடுக்காமல் பார்த்து, ஒருவர் இறங்கி நடந்து போவார். புல்லை விலக்கினால், தன் மார்பிலிருந்து பிடுங்கிய சாம்பல் நிறத் தூவியால் விளிம்பு கட்டிய கிண்ணம் போன்ற கூடு. தொட்டால் முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்.

ஒரு முட்டையைக் குட்டையான குழாயின் முனையில் பொருத்தி, சூரியனை நோக்கிப் பிடித்து, மறுமுனையில் கண் வைப்பார்கள். புதிய முட்டை என்றால் உள்ளே தெளிவாக இருக்கும். சில நாள் ஆனது என்றால் சிலந்தி கால்பரப்பியதுபோல் சிவந்த நரம்புகள் தெரியும். பொரிக்கும் காலம் நெருங்கியது என்றால் உள்ளே இருண்டு, காற்றறை மட்டும் வெளிச்சமாக இருக்கும். முட்டை எண்ணிக்கையையும் அடைகாத்த நாள்களையும் கூட்டிப் பின்னோக்கிப் போனால் முதல் முட்டை இட்ட நாள் கிடைத்துவிடும். பிறகு முட்டைகளைத் தூவியால் மூடிவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு குச்சியை நட்டுவிட்டு வருவார்கள். வாரங்கழித்துத் திரும்பும்போது கூடு காலியாக இருந்தால், ஓட்டுத்துண்டைப் பார்த்தே முடிவு சொல்லலாம். பொரித்த முட்டையின் உட்சவ்வு தோல்போலக் கழன்று கிடக்கும். கொள்ளை போன முட்டையில் சவ்வு ஓட்டோடு ஒட்டியே இருக்கும்.

எத்தனை கூடுகள் தப்புகின்றன?

பார்த்த கூடுகளில் எத்தனை பொரித்தன என்று வகுத்தால் பொய்யான விடை வரும், ஏனென்றால் இட்ட சில நாள்களிலேயே அழிந்த கூடுகள் நம் கண்ணில் படவே இல்லை. ஹரோல்ட் மேஃபீல்ட் 1961-ல் இதற்கு எளிய வழி சொன்னார்: கூடுகளை எண்ணாதே, கூடு கண்காணிப்பில் இருந்த நாள்களை எண்ணு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்காணித்த நாள்கள் எல்லாம் சேர்ந்து 400. அந்நாள்களில் அழிந்தவை 20 கூடுகள். ஒரு நாளில் ஒரு கூடு அழியும் வாய்ப்பு 5 விழுக்காடு, தப்பும் வாய்ப்பு 95. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டையிடத் தொடங்கிப் பொரிக்கும் வரை 34 நாள்கள் என்றால், 0.95-ஐ 34 முறை பெருக்க வேண்டும். வருவது 0.175. நூறு கூடுகளில் பதினேழோ பதினெட்டோதான் தேறும்.

மல்லார்ட் வாத்தின் எண்ணிக்கை சரியாமல் இருக்க 15 விழுக்காடாவது தேவை என்று லூயிஸ் கவார்டினும் உடன் பணியாற்றியவர்களும் 1985-ல் கணக்கிட்டார்கள். ஆக இந்தப் பிழைப்பு எப்போதும் விளிம்பில்தான் நடக்கிறது.

முட்டைகளை யார் தின்கிறார்கள்? அந்த விலங்குகளைக் கொன்றுவிட்டால் என்ன?

செந்நரி, ஸ்கங்க், ரக்கூன் ஆகியவை முதன்மையானவை. ஆலன் சார்ஜென்ட் நெடுங்காலம் நரிகளை ஆராய்ந்தார். நரிக்குழிகளின் வாயிலில் கிடக்கும் இறகுகளையும் எலும்புகளையும் எண்ணி, கண்டத்தின் நடுப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் வளர்ந்த வாத்துகளை நரிகள் பிடிக்கின்றன என்று அவரும் தோழர்களும் 1984-ல் மதிப்பிட்டார்கள். பெரும்பாலானவை கூட்டில் அமர்ந்த பெட்டைகள்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஓநாய்க்கு உறவான கொயோட்டி என்ற விலங்கு இருக்கும் இடத்தில் செந்நரி தங்காது. கொயோட்டிக்குப் பெரிய எல்லை, குறைந்த எண்ணிக்கை. கூடு கூடாக மோப்பம் பிடித்துத் தேடும் பழக்கமும் நரியளவுக்கு இல்லை. மார்ஷா சொவாடாவும் சார்ஜென்ட்டும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், கொயோட்டி ஆளும் இடங்களில் கூடுகள் 32 விழுக்காடும் நரி ஆளும் இடங்களில் 17 விழுக்காடும் பொரித்தன. கொயோட்டியைக் கொன்றவர்கள் அறியாமலே நரிக்கு வழிவிட்டிருக்கிறார்கள்.

மின்வேலி, நீர் நடுவே தீவு, கம்பத்தின்மேல் வைக்கோல் சுற்றிய கூட்டுக்குழாய் எல்லாம் சிறு இடங்களில் பலன் தருகின்றன. பொறிவைத்துப் பிடித்து அகற்றுவதும் நடக்கிறது. நிறுத்திய பிறகு இரைகொல்லிகள் திரும்பி வந்துவிடும். அகன்ற புல்வெளியில் மோப்பம் பிடித்து வரும் விலங்குக்குக் கூடு எளிதில் அகப்படாது. வயல்களுக்கு நடுவே ஒரு கீற்றுப் புல் மட்டும் மிஞ்சினால், வாத்தும் அங்கேதான் கூடு வைக்கும், நரியும் அங்கேதான் நடக்கும். குட்டையைக் காத்துச் சுற்றியுள்ள புல்லை உழுதுவிட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

வாத்து மட்டும்தானா?

பேச்சு வாத்தைச் சுற்றியே போவதற்குக் காரணம், பணம் வாத்து வேட்டைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். போபோலிங்க், பேர்ட் சிட்டு போன்ற புல்வெளிப் பறவைகளும் இங்கே பொரிக்கின்றன. அவற்றுள் பலவற்றின் எண்ணிக்கை கவலைதரும் அளவு குறைந்திருக்கிறது. உவர் ஏரிகளின் வெண்கரையில் பைப்பிங் உப்புக்கொத்தி கூடு வைக்கிறது. நீர் ஏறி இறங்காமல் போனால் கரையில் செடி முளைத்து அதற்கு இடமில்லாமல் போகும்.

வடக்கு டகோட்டாவின் சேஸ் ஏரியில் அமெரிக்க வெண்கூழைக்கடாக்களின் பெருங்குடி இருக்கிறது. 1908-ல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் அதைச் சரணாலயமாக அறிவித்தபோது எஞ்சியிருந்தவை சுமார் 50. இன்று ஆயிரக்கணக்கில். அந்த ஏரியில் உவர் மிகுதியால் மீனே கிடையாது. அவை நெடுந்தொலைவு பறந்து குட்டைகளிலிருந்து மீனும் சாலமாண்டரும் கொண்டு வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

1934-லிருந்து அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டையாடுபவர் ஒவ்வோர் ஆண்டும் வாத்து ஸ்டாம்ப் என்ற அனுமதி வில்லை வாங்கியாக வேண்டும். முதல் ஸ்டாம்பின் விலை 1 டாலர். படம் வரைந்தவர் கார்ட்டூன் ஓவியர் ஜே 'டிங்' டார்லிங். இப்போது 25 டாலர். ஒரு டாலரில் 98 சென்ட் வாழிடத்துக்குப் போகிறது. 1958-ல் சட்டத்தைத் திருத்தி, சிறு குட்டைகளை வாங்கவும் அந்தப் பணத்தைப் பயன்படுத்த வழிசெய்தார்கள்.

வாங்குவதைவிட உடன்படிக்கை முறை எனக்கு அறிவுள்ளதாகப் படுகிறது. உழவருக்கு ஒருமுறை பணம், நிலம் அவருடையதே. குட்டையை வடிக்கவோ, நிரப்பவோ, மட்டப்படுத்தவோ, எரிக்கவோ மாட்டேன் என்று நிரந்தரமாக எழுதிக் கொடுக்கிறார். தானாக வற்றும் ஆண்டில் உழுது பயிரிடலாம்.

1985 வேளாண் சட்டத்தில் வந்த நிலஒதுக்கீட்டுத் திட்டம் இன்னொன்று. 10 முதல் 15 ஆண்டுகளுக்கு வயலைப் புல்லாக விட்டால் அரசு வாடகை தரும். 1992 முதல் 1997 வரை இந்தப் புல்லால் மட்டும் கூடுதலாக 1 கோடியே 24 லட்சம் வாத்துகள் சேர்ந்தன என்று ரொனால்ட் ரெனால்ட்ஸும் குழுவினரும் மதிப்பிட்டார்கள். பின்னர் சோளம், சோயா விலை ஏறியபோது அந்தப் புல்லில் பெரும்பகுதி மீண்டும் வயலானது.

இழந்தது எவ்வளவு?

1980-களுக்குள் அயோவா தன் ஈரநிலங்களில் 89 விழுக்காட்டை இழந்துவிட்டது. வடக்கு டகோட்டா ஏறத்தாழ பாதியை. வயலுக்கு அடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து நீரை வடிக்கும் வேலை இன்றும் நடக்கிறது. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆறு ஏரிகளோடு தொடர்ச்சியான மேற்பரப்பு இணைப்பு உள்ள ஈரநிலங்களுக்கே நீர்நிலைகளைக் காக்கும் தூய்மை நீர்ச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. வரத்தும் போக்கும் இல்லாமல் தனித்து நிற்பதுதான் இந்தக் குட்டைகளின் பிறவிக்குணம். அந்தக் குணமே இப்போது அவற்றைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டது என்பதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

இங்கிருந்து வாத்துகள் தமிழ்நாட்டுக்கு வருகின்றனவா?

இல்லை. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் அங்கும் பொரிக்கின்றன, நம் ஏரிகளுக்கும் வலசை வருகின்றன, இனம் ஒன்றே. ஆனால் நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருபவை. புல்வெளி வாத்துகள் தெற்கே மெக்சிகோ வளைகுடாக் கரைக்கும் அதற்கு அப்பாலும் போகின்றன.

எப்போது போனால் பார்க்கலாம்?

மே மாதம் போங்கள். வடக்கு டகோட்டாவின் ஜேம்ஸ்டவுன் நகரில் தங்கலாம். இத்துறையின் முக்கிய ஆய்வு மையம் 1960-களிலிருந்து அங்கேதான் இயங்குகிறது. சேஸ் ஏரியும் காட்டன்வுட் லேக் களமும் அதே வட்டாரத்தில் உள்ளன. வண்டியை விட்டு இறங்காமல் சாலையோரக் குட்டைகளைப் பாருங்கள். கதவு திறந்தால் எல்லாம் எழுந்துவிடும். விடியற்காலையில் ஒரு பெரிய குட்டையின் அருகே காத்திருந்தால், மேற்கத்திய முக்குளிப்பான் இணை ஒன்று கழுத்தை வளைத்துத் தலையை அசைத்துக்கொண்டே, சட்டென்று எழுந்து, உடல் முழுவதும் நீருக்கு மேலே நிற்க, தோளோடு தோள் சேர்த்து நீர்ப்பரப்பின்மேல் ஓடுவதைப் பார்க்கலாம்.